சுவடியில் இல்லாத மன்னிப்பு

மொழிபெயர்ப்புக் குழு லூக்காவின் சுவிசேஷத்தில் இருபத்து மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தபோது ஜெனிட்டா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்த அதிகாரம் என்றைக்காவது வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு தியான இல்லத்தில் குழு கூடுவது வழக்கம். படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டே புரிந்துகொள்ளும்படி புதிய ஏற்பாட்டை இன்றைய தமிழில் கொண்டுவருவது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. தலைவர் ஏசுபாதம் ஐயர் ஒரு சபைக் குருவானவர், இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஜெயப்பிரியா பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் படிப்பதில் முனைவர் பட்டம் வாங்கியவள். இவர்களைத் தவிர இரண்டு போதகர்கள். ஜெனிட்டாவுக்குக் கிரேக்கம் தெரியாது. அவள் திருப்போரூரில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. மற்றவர்கள் பொருளைச் சொல்வார்கள். அது வாயில் புரளும் தமிழாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய பங்கு.

அன்று காலை எடுத்துக்கொண்டது சிலுவையில் அறையும் இடம். ஆணி அடித்தவர்களை மன்னிக்கும்படி ஆண்டவர் பிதாவிடம் கேட்கிற வரி. தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்கே தெரியவில்லை என்று அவர்களுக்காகப் பரிந்து பேசுகிற வரி. தமிழ்நாட்டில் சபைக்குப் போகிற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

ஜெயப்பிரியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்த வரியை அடிக்குறிப்புக்குக் கொண்டுபோகணும்னு நான் நினைக்கிறேன். கிடைச்சிருக்கிற சுவடிகள்ல ரொம்பப் பழையதுன்னு சொல்ற சிலதுல இது இல்லை. லூக்கா எழுதாததை லூக்கா எழுதினதா நாம அச்சடிக்கக் கூடாது."

போதகர்களில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அம்மா, எங்க தாத்தா சாகும்போது சொன்ன வசனம் இது. பழைய மொழிபெயர்ப்பு செஞ்சவங்க முழங்கால்ல நின்னு செஞ்சாங்க. அவங்களை ஆவியானவர் ஏவலையா?"

"ஏவுதல் எழுதினவருக்குத்தானே ஐயா? நகல் எடுத்தவர் நடுவுல சேர்த்திருந்தா அதுக்கும் ஏவுதல்னு சொல்லலாமா? அப்படின்னா நம்ம அச்சகத்துல விழற பிழைக்கும் சொல்லணும்."

ஏசுபாதம் ஐயர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சேர்த்தாங்கன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. எடுத்துட்டாங்கன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. ரெண்டுக்கும் ஆளு இருக்கு. ஆண்டவரைக் கொன்னவங்களுக்கு எதுக்கு மன்னிப்புன்னு பிற்காலத்துல யாரோ ஒருத்தருக்குப் பொறுக்கல, அதனால விட்டுட்டாருன்னு சொல்றவங்க இருக்காங்க. ஒரு பழைய சுவடியில வரி இருக்குது. அதுக்கப்புறம் ஒருத்தர் வந்து நீக்குன்னு குறி போட்டிருக்கார். அவருக்கப்புறம் வேற ஒருத்தர் வந்து அந்தக் குறியை அழிச்சிருக்கார். எது லூக்கா எழுதினதுன்னு லூக்காவா வந்து சொல்லப் போறார்?"

முடிவு ஏற்படவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தைச் சொல்வது என்று ஒத்திவைத்தார்கள். ஐயர் எழுந்து போகையில் ஜெனிட்டாவின் நாற்காலி அருகே நின்றார். "நீ ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"எனக்குக் கிரேக்கம் தெரியாதே ஐயா."

"கிரேக்கம் தெரிஞ்ச நாங்கதான் தெரியாம உக்காந்திருக்கோம்" என்றார் அவர்.

ஜெனிட்டா அதிகாரத்தைப் படித்துப் பேனாவை வைத்ததன் காரணம் அவருக்குத் தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை.

அவளுடைய தம்பி ஆல்வின் கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்களும் சென்னைப் பிள்ளைகளும் அவனைத் தேடி வருவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மாமல்லபுரத்திலிருந்து பைக்கில் திரும்பியபோது, வடநெம்மேலி வளைவில் ஒரு பேருந்தை முந்திக்கொண்டு எதிரே வந்த முட்டை வேன் அவனை அடித்தது. வேனை ஓட்டியவன் புதுப்பட்டினத்து ஹுசைன். ஆல்வின் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய அவர்களுடைய அம்மா மேரி, கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்து பிள்ளைகளை வளர்த்தவள், கேட்காத ஒரு பதிலைச் சொன்னாள். "இவன் தெரியாம செஞ்சிட்டான். தெரியாம செஞ்சவங்கள மன்னின்னு ஆண்டவரே சிலுவையில சொன்னாரு. நானும் மன்னிச்சிட்டேன். ஒண்ணும் செய்யாதீங்க." நீதிபதி அதை எழுதிக்கொண்டார். தண்டனை குறைந்தது. மறு ஞாயிறு சபையில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். ஜெனிட்டா கை தட்டவில்லை. அவள் ஹுசைனை மன்னிக்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஹுசைனின் மனைவி ஃபக்ருன்னிசா யாரிடமாவது பிரியாணி கொடுத்தனுப்புவாள். மேரி வாங்கி வைப்பாள். ஜெனிட்டா அன்று வெளியே சாப்பிட்டுவிட்டு வருவாள்.

கூட்டம் முடிந்து வீடு வந்தபோது மேரி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெனிட்டா கைகால் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. ஆனால் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று இளகி இனித்ததையும் அவள் கவனித்தாள்.

"ம்மா, நீ கோர்ட்ல சொன்னியே ஒரு வசனம். அது பழைய சுவடியில இல்லையாம்."

"இன்னாடி இல்ல?"

"ஆண்டவர் அப்படிக் கேட்டார்னு லூக்கா எழுதலையாம். பின்னாடி யாரோ சேர்த்துட்டாங்களாம். படிச்சவங்க சொல்றாங்க."

மேரியின் கை நின்றது. "அய்யருங்களா சொல்றாங்க?"

"குழுவிலதான் பேசினாங்க."

"அப்போ ஆண்டவரு சொல்லலியா?"

ஐயர் சொன்ன இன்னொரு பாதி, எடுத்தும் இருக்கலாம் என்கிற பாதி, ஜெனிட்டாவின் நாக்கில் இருந்தது. அதை அவள் விழுங்கிவிட்டாள்.

மேரி ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒன்றாக அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாரம் அவள் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலை வலிக்கிறது என்று சபைக்குப் போகவில்லை. புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூப்பிட வந்த பெண்களைக் கதவருகிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை காலை, ஜெனிட்டா தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, சலவைப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"புதுப்பட்டினம் போறேன். அவன் வூடு உனுக்குத் தெரியுமா?"

"எதுக்கும்மா?"

"நான் சொன்னத திருப்பி வாங்கணும்." மேரியின் குரல் உயரவில்லை. "ஆண்டவரு சொன்னாருன்னுதாண்டி நான் சொன்னேன். எனுக்கு மனசு வந்தா சொன்னேன்? அவரே சொல்லும்போது நான் யாரு மாட்டேன்னு சொல்ல, அப்படின்னு சொன்னேன். வவுறு எரிய எரிய சொன்னேன். சபையில கை தட்டிக்கினு இருந்தாங்களே, அன்னிக்கி வூட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். உனுக்குத் தெரியாது. இப்போ அவரு சொல்லவே இல்லன்னா, நான் எதுக்கு அவன வுட்டேன்?"

ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். ஆறு வருஷமாக இந்த வீட்டில் மன்னிக்காதவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்காக அம்மாமேல் கோபப்பட்டிருந்தாள். அந்தக் கோபத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அம்மாவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து வேகமாகப் போனது. வடநெம்மேலி வளைவு வரும்போதெல்லாம் மேரி முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வாள். அன்று மூடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவு முழுவதையும் பார்த்தாள்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் கேட்டதும் வழி காட்டினார்கள். ஹுசைன் இப்போது வேன் ஓட்டுவதில்லை. மச்சானுடைய முட்டைக் கடையில் அட்டைகளை அடுக்கி இறக்கும் வேலை. கடைக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்த ஃபக்ருன்னிசா மேரியைக் கண்டதும் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "அம்மா, வாங்கம்மா, உள்ள வாங்க" என்று பதறினாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடைப் பக்கம் குரல் கொடுத்தாள். ஹுசைன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. முடி முழுக்க நரைத்திருந்தது.

மேரி உட்காரவில்லை. "ஹுசைனு, நான் அன்னிக்கி கோர்ட்டுல சொன்னேன் இல்ல, மன்னிச்சிட்டேன்னு. அது செல்லாது. அத சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஃபக்ருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹுசைன் தலையை ஆட்டினான். நெடுநாளாக எதிர்பார்த்த ஒருவர் வந்துவிட்டதைப் போல இருந்தது அவன் முகம்.

"சரிம்மா" என்றான்.

"இன்னா சரி?"

"அது எனக்குச் சொன்னது இல்லம்மா. அன்னிக்கே தெரியும். தெரியாம செஞ்சவனுக்குன்னு சொன்னீங்க." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "வக்கீலு சொல்லச் சொன்னாரு, பைக்கு திடீர்னு வந்துச்சு, பாக்கலன்னு. நான் பாத்தேம்மா. பஸ்ஸ தாண்டும்போதே எதுத்தாப்ல வந்துகினு இருந்தான். நல்லாத் தெரிஞ்சுது. தாண்டிரலாம்னு நெனச்சேன். அவ்ளோதான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

இதைத்தான் ஜெனிட்டா ஆறு வருஷமாகச் சந்தேகித்துவந்தாள். கேட்டபோது அதில் ஜெயித்த உணர்ச்சி எதுவும் வரவில்லை.

மேரி இரண்டு அடி எடுத்துவைத்து அவன் மார்பில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கைப்பட்ட இடத்திலெல்லாம் அடித்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. ஃபக்ருன்னிசா அழுதுகொண்டே நின்றாளே தவிர நடுவில் வரவில்லை. பிறகு மேரிக்கு மூச்சு முட்டியது. ஜெனிட்டா அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஃபக்ருன்னிசா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு விலகிப் போனாள்.

தெருவில் யாரோ முட்டை கேட்டுக் கடையைத் தட்டினார்கள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அவன் எதனா சொன்னானா?" என்று மேரி கேட்டாள். ஆறு வருஷத்தில் அவள் யாரிடமும் கேட்காத கேள்வி அது. போலீஸிடம்கூடக் கேட்டதில்லை.

ஹுசைன் தரையில் உட்கார்ந்தான். "ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் என் மடியிலதான் இருந்தான்மா. வலிக்குதுன்னு சொல்லல. பலகை ஒடஞ்சிச்சாண்ணேன்னு கேட்டான். பைக்குல சைடுல கட்டிக்கினு வந்தான் இல்ல, அலையில போற பலகை, அது."

"ரெண்டா ஒடஞ்சிருந்துச்சே அது."

"தெரியும்மா. இல்லடா தம்பி, நல்லாத்தான் கீதுன்னு சொன்னேன். அப்படியான்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கினான்."

மேரி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தாள். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "அன்னிக்கி நான் சொன்னது ஆண்டவரோட வார்த்தைன்னு சொன்னேன். என் வார்த்தைய நான் இன்னும் சொல்லல. சொல்லத் தோணுச்சுன்னா வருவேன். தோணலன்னா வரமாட்டேன். ரம்ஜானுக்கு ஒண்ணும் குடுத்தனுப்பாதீங்க."

"சரிம்மா" என்றான் ஹுசைன்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. கல்பாக்கம் தாண்டியதும் ஜெனிட்டா வாயைத் திறந்தாள். இனியும் அதை உள்ளே வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார முடியாது என்று தோன்றியது.

"ம்மா, அன்னிக்கி உன்கிட்ட நான் பாதிதான் சொன்னேன். சேர்த்தாங்கன்னு ஒரு பேச்சு. இருந்ததை யாரோ எடுத்துட்டாங்கன்னும் ஒரு பேச்சு இருக்கு. மன்னிக்கப் பிடிக்காம எடுத்திருக்கலாம்னு ஐயர் சொன்னார். எது நிஜம்னு யாருக்கும் தெரியாது. அதை நான் வேணும்னே சொல்லல."

மேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட ஜெனிட்டா நினைத்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீ அவனை மன்னிச்சது எனக்குப் புடிக்கல."

"நானே எங்க மன்னிச்சேன்" என்றாள் மேரி. கொஞ்ச தூரம் போனதும், "நீ முழுசா சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். பலகையப் பத்தி கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். அதற்காக அவள் நன்றி சொல்லவும் இல்லை, திட்டுவதையும் விட்டுவிடவில்லை. வீடு வந்து சேரும்வரை, படித்த பெண் என்று உன்னை நம்பினேனே, பெற்றவளிடமே பாதி பேச்சுப் பேசுகிறாயே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த மாதம் குழு கூடியது. ஜெயப்பிரியா தன் பக்கத்து ஆதாரங்களை ஒழுங்காக அடுக்கிச் சொன்னாள். குறை சொல்ல இடமில்லாமல் பேசினாள். போதகர்கள் இருவரும் வரி மேலேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஐயர் ஜெனிட்டாவைப் பார்த்தார்.

"அடிக்குறிப்பைச் சபையில யாரும் வாசிக்கிறது இல்ல" என்று ஜெனிட்டா தொடங்கினாள். "நாம காதுக்குச் செய்யறோம். கீழ போச்சுன்னா காதால கேக்கறவங்களுக்கு அது இல்லாமலே போகும். இது ஒண்ணு. இன்னொண்ணு, நான் என்னைப் பத்திச் சொல்லணும்." தம்பி இறந்ததைச் சொன்னாள். அம்மா சொன்னதைச் சொன்னாள். தான் அம்மாவிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். குரல் எங்கேயும் உடையவில்லை. "போன மாசம் ஜெயப்பிரியா இந்த வரி வேண்டாம்னு சொன்னப்போ எனக்குச் சந்தோஷமா இருந்தது. சுவடிக்காக இல்ல. அதை எடுத்துட்டா எனக்கு வசதி. நீக்கச் சொல்லிக் குறி போட்டாரே ஒருத்தர், அவர் எந்தக் காரணத்துக்காகப் போட்டாரோ எனக்குத் தெரியாது. என் காரணம் எனக்குத் தெரியும். அதனால இதை எடுக்கறதுக்கு என் கை உதவக் கூடாது."

"உங்க வீட்டுல நடந்தது லூக்கா என்ன எழுதினார்ங்கிறதுக்கு ஆதாரம் ஆகாதுக்கா" என்றாள் ஜெயப்பிரியா மெல்ல.

"ஆகாதுதான்" என்றாள் ஜெனிட்டா. "நான் ஆதாரம்னு சொல்லல."

"ஏவுதல்னு நீங்க எதைச் சொல்றீங்க அப்போ?"

"எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொன்னா எழுதிக்கறேன்."

ஐயர் அதற்குள் போகவில்லை. வரி மேலேயே இருக்கட்டும், சில பழைய சுவடிகளில் அது இல்லை என்பதைக் கீழே மறைக்காமல் சொல்லிவிடலாம் என்றார். ஜெயப்பிரியா தன் மறுப்பைப் பதிவு செய்யச் சொன்னாள். பதிவு செய்தார்கள். பிறகு அந்த வரியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மதியம்வரை உட்கார்ந்தார்கள். 'அறியாமல்' என்றால் அறிவில்லாமல் என்று காதில் விழுகிறதே என்றார் ஒரு போதகர். ஜெனிட்டா நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தாள். தெரிந்தே செய்த ஹுசைன் எதிலும் அடங்கவில்லை. கடைசியில் மூலத்தில் இருப்பதையே எழுதி நிறுத்திக்கொண்டாள். மூலத்தில் இருப்பதைவிட அகலமாக எழுத அவளுக்கு அதிகாரம் இல்லை.

சாப்பாட்டுக்குப் போகும்போது ஜெயப்பிரியா அவள் பக்கத்தில் வந்து நடந்தாள். "கோவம் இல்லையேக்கா?"

"உன்மேல எதுக்கு? நீ உள்ளதைச் சொன்ன."

மழைக்காலம் வந்தது. மேரி மறுபடியும் சபைக்குப் போகத் தொடங்கினாள். முன்வரிசையை விட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். சில சனிக்கிழமைகளில் ஜெனிட்டா பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை. போன இடத்தை மேரியும் மறைக்கவில்லை. ஃபக்ருன்னிசாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, கால் வீங்கிக் கிடக்கிறது என்பதைப் போலச் சேதிகள் இடையிடையே வந்து விழும். அந்த வளைவில் விளக்கு போட வேண்டும் என்று ஹுசைன் மனு கொடுத்துக்கொண்டு அலைகிறான் என்றாள் ஒரு நாள்.

தை பிறந்த பின் ஒரு சாயங்காலம் மேரி புதுப்பட்டினத்திலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் அடுப்படிக்கு வந்தாள். ஜெனிட்டா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்டி."

"என்னம்மா சொன்ன?"

"என் வாயில வந்தத சொன்னேன். அது எனுக்கும் அவனுக்கும்." மேரி தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பசிக்குது, ரெண்டு வை."

ஜெனிட்டா வைத்தாள். சட்னியை ஊற்றினாள். நீயும் ஒரு நாள் வாயேன் என்று அம்மா கூப்பிடுவாளோ என்று காத்திருந்தாள். கூப்பிட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேரி கூப்பிடவில்லை. தலையைக் குனிந்து, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.